முதுகில் பட்ட பந்து

1998 ஆகஸ்ட் 31. ஹோ சி மின் நகரின் தோங் நியாட் அரங்கத்தில் தாய்லாந்தும் இந்தோனீசியாவும் மோதின. மோதின என்று சொல்வதுகூட மிகைதான். தென்கிழக்காசிய நாடுகளின் டைகர் கிண்ணப் போட்டியில் அந்தப் பிரிவின் கடைசி ஆட்டம் அது. இரு குழுக்களும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றிருந்தன. வென்றால் ஹனோய்க்குப் பயணப்பட்டு, சொந்த ரசிகர்களின் முன்னால் ஆடும் வியட்னாமைச் சந்திக்க வேண்டும். தோற்றால் அதே ஊரில் தங்கி சிங்கப்பூருடன் ஆடலாம். எனவே இரு தரப்பும் தோற்கவே விரும்பின. ஆட்டம் 2-2 என்று முடியப் போகிற நேரத்தில் இந்தோனீசியாவின் முர்ஷித் எஃபெண்டி, தடுக்க ஓடிவந்த தாய்லாந்து ஆட்டக்காரர்களையும் மீறி, பந்தைத் தன் சொந்த வலைக்குள் அடித்தார். தாய்லாந்து 3-2 என வென்று தொலைத்தது. எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் ஆட ஆயுள்காலத் தடை. இரு சங்கங்களுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம்.

உலகப் பத்திரிகைகள் அதை விளையாட்டின் மானக்கேடு என்று எழுதின. சிங்கப்பூர்க்காரருக்கு அந்தக் கதையில் உறைப்பது வேறு. அத்தனை பாடும் நம்மோடு ஆடுவதற்காகத்தான். அந்தத் தொடரில் எல்லாரும் எதிர்கொள்ள ஆசைப்பட்ட குழு சிங்கப்பூர்.

அவர்கள் கணக்கில் நியாயம் இல்லாமலில்லை. 1994இல் மலேசியக் கிண்ணத்தையும் லீக் பட்டத்தையும் ஒருசேர வென்ற குழு கலைந்து போயிருந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு விலகியது. 1996இல் எட்டுக் குழுக்களோடு எஸ்-லீக் தொடங்கியது. நட்சத்திர ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது தேசியச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டார். மலேசியக் கிண்ணத்தை எத்தனையோ முறை கொண்டுவந்த ஊர்தான், ஆனால் நாடு என்ற பெயரில் ஒரு கிண்ணமும் அதுவரை வென்றதில்லை. ஆங்கிலேயரான பேரி விட்பிரெட் பயிற்றுவித்த குழுவில் ஊரறிந்த நட்சத்திரம் என்று சொல்ல ஆளில்லை.

ஆனாலும் அந்தக் குழு ஹனோயில் மலேசியாவை 2-0, லாவோஸை 4-1 என வென்று, வியட்னாமோடு கோலின்றிச் சமன் செய்து, கோல் வித்தியாசத்தில் பிரிவின் முதலிடத்தைப் பிடித்திருந்தது. மூன்று ஆட்டங்களில் வாங்கியது ஒரே ஒரு கோல். தாய்லாந்தும் இந்தோனீசியாவும் இந்த எண்ணைக் கவனித்திருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்பார்கள். செப்டம்பர் 3 அரையிறுதியில் இந்தோனீசியா சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றது. ஹனோய்க்குப் போக நேர்ந்த தாய்லாந்து வியட்னாமிடம் 0-3 எனத் தோற்றது. செப்டம்பர் 5 இறுதியாட்டத்துக்கு ஹாங் டே அரங்கம் தயாரானது. வியட்னாமிய ரசிகர்கள் வெற்றி ஊர்வலத்துக்கும் தயாராகியிருப்பார்கள்.

அன்று சிங்கப்பூரின் தற்காப்பில் நின்றவர்களில் ஒருவர் ஆர். சசிகுமார். வயது 23. நடுத் தற்காப்பு ஆட்டக்காரர். நம் திடல் வழக்கில் ஸ்டாப்பர். எதிரணியின் முதன்மை முன்கள ஆட்டக்காரரோடு ஒட்டிக்கொண்டே இருப்பது, வானில் வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புவது, காலுக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூர உதைத்துவிடுவது. இவைதான் வேலை. கார்னர் கிக், ஃபிரீ கிக் கிடைக்கும்போது மட்டும், உயரமாக இருக்கிற ஒரே காரணத்துக்காக எதிரணிக் கோல் முகப்புக்குப் போய் நிற்கச் சொல்வார்கள்.

70ஆவது நிமிடத்தில் அப்படித்தான் நின்றார். பெனால்டி பகுதிக்குள் வந்த பந்து சசிகுமாரின் முதுகில் பட்டது. பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. குறி வைக்கவில்லை. உதைக்கவுமில்லை. வாழ்நாளின் மிகப் பெரிய கோலுக்கு அவர் தர வேண்டியிருந்தது இருக்க வேண்டிய இடத்தில் இருந்த ஓர் உடம்பு மட்டுமே. 1-0. மீதி இருபது நிமிடமும் அரங்கமே எழுந்து கத்த, வியட்னாம் அலை அலையாக வந்தது. சிங்கப்பூர் தடுத்தது. கிண்ணம் நமக்கு.

சங்கக் கவிதையில் இந்த ஊரார்மேல் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு தாய் இருக்கிறாள். மகன் போரில் முதுகு காட்டினான் என்று பலர் சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் புறநானூற்றுக் கிழவி. தமிழனுக்கு முதுகில் எது பட்டாலும் இழுக்கு. சிங்கப்பூரில் ஒரு தமிழ் இளைஞன் முதுகில் பட்டதைக் கொண்டாடி ஊரே தெருவுக்கு வந்தது என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

வியட்னாமியர் அந்த முதுகை இன்னும் மறக்கவில்லை. அவர்களின் காற்பந்து நினைவில் சசிகுமார் ஒரு கெட்ட கனவு. சிங்கப்பூர் இளையரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஹனோய்க் காப்பிக் கடையில் நடுவயதுக்காரரிடம் சொன்னால் பெருமூச்சு விடுவார். வியட்னாம் அந்தக் கிண்ணத்தைத் தொட மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 2008இல் அரையிறுதியில் சிங்கப்பூரை வென்று, இறுதியில் தாய்லாந்துக்கு எதிராகக் கடைசி நொடிகளில் லே கொங் வின் தலையால் பின்னுக்குத் தட்டிய கோலால் பட்டம் பெற்றார்கள்.

அதிர்ஷ்டம் என்று சசிகுமாரின் கோலை ஒதுக்குவோர் உண்டு. இருக்கட்டும். ஆனால் 90 நிமிடங்களும் சிங்கப்பூர் கோல் வாங்காமல் நின்றதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க முடியாது. சசிகுமாரைப் பற்றி எழுத வேண்டுமானால் 70ஆவது நிமிடத்தை விட்டுவிட்டு மற்ற 89 நிமிடங்களை எழுத வேண்டும். அதை யாரும் எழுதுவதில்லை, நானும் இதுவரை முதுகைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணில் படாத இந்த வேலைக்கு ஆள் எப்படிச் சேர்கிறார்கள்? லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலிலோ வீவக புளோக்குகளுக்கு நடுவிலுள்ள கம்பி வேலி போட்ட தெருக்காற்பந்துத் தளத்திலோ பிள்ளைகள் அணி பிரிப்பதைப் பாருங்கள். "டேய், நீ பேக் நில்லு" என்று ஒருவனுக்கு உத்தரவு போகும். கொஞ்சம் பருமனானவன், ஓட்டம் மட்டானவன், அன்றைக்குப் புதிதாக வந்தவன், அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த தம்பி. விரும்பிப் பின்னால் போகிறவன் அரிது. அப்படிப் போனவர்களில் ஒரு சிலருக்கு ஒரு கட்டத்தில் உயரம் கூடும், ஆட்டம் புரிய ஆரம்பிக்கும், பந்து வருமுன்னே அது வரப்போகும் இடம் தெரியும். அதற்குள் தேர்வாளர் பார்வை முன்களத்துப் பையன்களோடு போயிருக்கும்.

குழுவுக்குள் வந்த பிறகும் வழி எளிதில்லை. முன்கள ஆட்டக்காரருக்குச் சோதனை வாய்ப்பு தருவது சுலபம். குழு பின்தங்கியிருக்கிறதா, கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு புதுப் பையனை இறக்கிப் பார்க்கலாம். அடித்தால் நாளைக்குப் பத்திரிகையில் படம், அடிக்காவிட்டால் நட்டமில்லை. நடுத் தற்காப்பில் அப்படிச் செய்யும் பயிற்றுவிப்பாளர் கிடையாது. அந்த இருவருக்குள் உள்ள புரிதல் மாதக்கணக்கில் கூடுவது. ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்வாங்குவதும், ஆஃப்சைடு பொறிக்கு நால்வரும் ஒரே கணத்தில் அடியெடுத்து வைப்பதும் பேச்சின்றி நடக்க வேண்டும். முன்னே இருப்பவர் தவறினால் கோல் கிக். பின்னே இருப்பவர் தவறினால் கோல். ஆகவே மாற்று ஸ்டாப்பருக்கு வாய்ப்பு என்பது இன்னொருவரின் காயம், இன்னொருவரின் சிவப்பு அட்டை. வாரக்கணக்கில், சில வேளை பருவம் முழுக்க, பயிற்சி மட்டும் செய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் திடீரென ஒரு மாலையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முதல் பதினொருவரில் ஒருவராகிறார். அன்றைக்குப் பிழை செய்யாமலிருந்தால் அடுத்த வாரமும் இருப்பார். இடம் பிடிப்பது என்பது இந்த வேலையில் இவ்வளவுதான். (சசிகுமார் ஓய்வுக்குப் பின் தொடங்கிய விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனத்துக்கு வைத்த பெயர் ரெட் கார்ட். தற்காப்பு ஆட்டக்காரரின் நகைச்சுவை.)

சசிகுமாருக்கு முன்பே இந்த இடத்துக்கு நம்மிடையே ஒரு பெரிய பெயர் இருந்தது. 1970களின் தேசியக் குழுத் தலைவர் சமாட் அல்லாபிச்சை. தஞ்சை, நாகைக் கடற்கரைகளிலிருந்து வந்த குடும்பங்களில் கேட்கும் பெயர். நடுத் தற்காப்பில் நின்று நாட்டுக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். 1977 மே 28 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது அவர் தலைமையில்தான். "அங்கிள் சூ" என்று ஊரே அழைத்த சூ செங் குவீ பயிற்றுவித்த குழு அது. அந்த வெற்றியைப் பற்றி இன்றும் பேசும் மூத்தவர்களைக் கேளுங்கள். குவா கிம் சோங் அடித்த கோல்கள், டோலா காசிமின் இடுப்பு அசைவு, எஸ். ராஜகோபாலின் வளைந்து போகும் "பனானா கிக்" எல்லாம் நேற்று நடந்ததுபோல் வரும். கிண்ணத்தைக் கையில் வாங்கிய தலைவர் அன்று எந்தப் பந்தை எப்படித் தடுத்தார் என்று கேட்டால் பதில் வராது. தடுத்த பந்துக்குக் கதை இல்லை, அது நடக்காமல் போன நிகழ்ச்சி.

தஞ்சோங் பகாரைப் பற்றிய பழைய மலாய்க் கதையும் ஏறக்குறைய இதுதான். கரையோர மக்களை வாள்மீன்கள் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து குத்திக் கொல்ல, அரசன் தன் ஆட்களைக் கால்களால் சுவர் கட்டி நிற்கச் சொன்னானாம். சாவு கூடியதுதான் மிச்சம். ஒரு சிறுவன் மட்டும் வாழைத் தண்டுகளை வரிசையாக நடச் சொன்னான். மீன்கள் தண்டில் மூக்கு மாட்டிச் சிக்கின. ஊர் பிழைத்தது. இத்தனை அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனையே கொன்றுவிட்டான். சிங்கப்பூரின் முதல் தற்காப்பு உத்தியை வகுத்தவனுக்குக் கிடைத்த சம்பளம் அது.

பின்னாளில் அந்தக் கரை துறைமுகமானது. 1864இல் தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனம் எழுந்தது. மூட்டை சுமக்கவும் கரி அள்ளவும் வந்தவர்களில் தமிழர் ஏராளம். இன்று அங்கே அலுவலகக் கோபுரங்களும் கொரிய உணவகங்களும்தான். பெயரைக் காற்பந்துத் திடலில் சுமந்துகொண்டிருப்பது தஞ்சோங் பகார் யுனைடெட், ரசிகர்களுக்கு "ஜாகுவார்கள்". தியோங் பாரு என்ற பெயரில் 1970களில் தொடங்கி, 1996இல் எஸ்-லீக்கின் முதல் எட்டுக் குழுக்களில் ஒன்றாக நுழைந்து, 1998இல் பெயர் மாற்றிக்கொண்ட குழு. அதே ஆண்டு, சசிகுமாரின் முதுகு வரலாறு படைத்த அதே பருவத்தில், முதலாவது சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது; லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. அதன் உச்சம் அதுதான்.

அதற்குப் பிறகு அந்தக் குழுவின் வாழ்க்கையே மாற்று ஆட்டக்காரரின் வாழ்க்கையாகிவிட்டது. 2004இல் பணமின்றி லீக்கை விட்டு விலகியது. 2011இல் திரும்பியது. 2015இல் மறுபடி ஒதுங்கியது. 2020இல் மறுபடி வந்தது. முன்பு சொந்தத் திடலாக இருந்த குவீன்ஸ்டவுன் அரங்கத்தை விட்டு இப்போது ஆடுவது ஜூரோங் ஈஸ்ட்டில், பெயருக்குரிய வட்டாரத்துக்கும் திடலுக்கும் நடுவே அரைத் தீவு இருக்கிறது. பணக்காரக் குழுக்கள் வேண்டாமென்று விட்டவர்கள், காயத்திலிருந்து மீள்பவர்கள், எங்கும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் கூரை அது என்று நான் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெஞ்சில் இருப்பவருக்கு வாரா வாரம் 90 நிமிடம் தரக்கூடிய இடம் இத்தகைய குழுதான்.

அலெக்சாண்டர் டியூரிச்சைப் பாருங்கள். போஸ்னியாக்காரர், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் படகோட்டியவர். போர் ஊரைச் சிதைத்த பின் பல நாடுகளில் பந்தாடி அலைந்து, 1999இல் தஞ்சோங் பகாருக்கு வந்தபோது வயது 30ஐ நெருங்கிவிட்டது. யாரும் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. 2007இல் சிங்கப்பூர்க் குடிமகனாகி, 37 வயதில் தேசியக் குழுவுக்கு முதல் ஆட்டம் ஆடி, தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். 44 வயதில்தான் ஓய்ந்தார். முன்கள ஆட்டக்காரராகப் புகழ்பெற்றாலும் பிற்காலத்தில் தேவைப்பட்டபோது பின்களத்திலும் நின்றிருக்கிறார். தாமதமாக மலரும் ஆட்டக்காரருக்கு இடம் கொடுக்க ஒரு குழு வேண்டும், பொறுக்க ஓர் ஊர் வேண்டும்.

பொறுமைதான் இப்போது அருகி வருகிறது. ஸ்டாப்பர் முதிர்வது இருபதுகளின் நடுவில். சிங்கப்பூரில் 18 வயதில் தேசிய சேவை அழைக்கிறது, ஈராண்டு. அந்த ஈராண்டில் பையன் ஆடுவதும் ஆடாததும் முகாம் நேரத்தையும் மேலதிகாரியின் மனத்தையும் பொறுத்தது. வெளியே வரும்போது 20, 21. பட்டப்படிப்பா பந்தா என்று வீட்டில் கேள்வி எழும். தமிழ் வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் முன்பே தயாராக இருக்கும். எட்டோ ஒன்பதோ குழுக்களே உள்ள லீக்கில் சம்பளம் வாங்கி எத்தனை ஆண்டு காலம் தள்ள முடியும் என்று அப்பா கேட்பதில் தப்பும் இல்லை. 2018இல் லீக்கின் பெயர் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று மாறியபோது 23 வயதுக்குட்பட்ட மூவரையாவது தொடக்கத்தில் ஆடவிட வேண்டும் என்று விதி வந்தது. இளையருக்கு நல்லது. ஆனால் 24, 25 வயதில் அப்போதுதான் கைகூடி வரும் பின்கள ஆட்டக்காரருக்கு அந்த விதி கதவைச் சாத்தியது. சசிகுமாருக்கு ஹனோயில் வயது 23 என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது கூடியிருந்தால் அந்தச் சலுகைக்கு வெளியே நின்றிருப்பார். இப்போது வெளிநாட்டு ஆட்டக்காரருக்கான இடங்களும் கூடியிருக்கின்றன. குழுக்கள் அந்த இடங்களை முதுகெலும்புக்குத்தான் செலவழிக்கின்றன: ஒரு கோல் அடிப்பவர், ஒரு நடுக்கள ஆட்டக்காரர், ஒரு நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்.

அதே 1998ஆம் ஆண்டில், 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறுவோம் என்று சிங்கப்பூரில் இலக்கு அறிவிக்கப்பட்டது. அது நடக்கவில்லை, நடக்கும் என்று நம்பியவர்களும் அதிகமில்லை. ஆனால் 2004, 2007, 2012 எனத் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மேலும் மூன்று முறை வென்றோம். அந்தக் காலத்தின் பின்களத்தில் தமிழ்ப் பெயர்கள் தொடர்ந்து இருந்தன. ஹோம் யுனைடெட் 2003இல் லீக் பட்டம் வென்றபோது அதன் இடது புறத்தைக் காத்த எஸ். சுப்பிரமணி, தூரத்திலிருந்து இடியாக உதைக்கவும் தெரிந்தவர். அடுத்த தலைமுறையில் மது மோகனா, டாம்பினிஸ் ரோவர்ஸின் தற்காப்பில். பின்வரிசைக்குச் சற்று முன்னே நின்று தாக்குதலை முளையிலேயே கிள்ளும் வேலையில் அனுமந்தன் மோகன் குமார். கெடாவுக்குப் போய் மலேசிய லீக்கில் ஆடிவிட்டு, நாடு திரும்பி லயன் சிட்டி செய்லர்ஸில் சேர்ந்தவர். அவர் ஆடும் ஆட்டத்தில் அவர் பெயரை வர்ணனையாளர் அடிக்கடி சொல்லவில்லையென்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கை தாக் அரங்கத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்து 2-1 என வென்று, சிங்கப்பூர் 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984இல் ஏற்று நடத்தும் நாடு என்ற முறையில் ஆடியிருக்கிறோம், ஆடித் தகுதி பெற்றது இதுவே முதல் முறை. மறுநாள் எல்லாப் பக்கங்களிலும் கோல் அடித்த ஷாவல் அனுவாரும் ஃபாண்டியின் மகன் இல்ஹானும்தான். முறைதான். இரண்டாவது கோலுக்கும் கடைசி விசிலுக்கும் நடுவே, சொந்த ரசிகர் ஆரவாரத்தில் ஹாங்காங் ஏறி வந்த அந்த நீண்ட நேரத்தைத் தாங்கியவர்களின் பெயர்கள் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தன.

சவுதி அரேபியாவில் நடக்கவிருக்கும் அந்தப் போட்டிக்கான பட்டியலில் நடுத் தற்காப்புக்கு நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆடுவது இருவர் அல்லது மூவர். மற்றவர்கள் பெஞ்சில், யாருக்காவது தொடையில் சதை பிடிக்கும்வரை. அவர்களில் ஒருவர் இப்போது ஜூரோங் ஈஸ்ட்டில் நூற்றுச் சொச்சம் பேர் முன்னால் வானில் வரும் பந்தை முட்டித் திருப்பிக்கொண்டிருக்கலாம். தேசியக் குழுவின் தேர்வாளர்கள் அந்த ஆட்டங்களுக்கு வருகிறார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.